நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு இரண்டு ஜாதகம்

சூலூர் என்றதும் பலருக்கு விமானப்படைத் தளம் ஞாபகம் வரும். தொல்லியல் படித்தவர்களுக்கு ஒரு மண் தட்டு ஞாபகம் வரும். சூலூரில் கிடைத்த, பெருங்கற்காலத்தைச் சேர்ந்த அந்தச் சுடுமண் தட்டு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கீறப்பட்டுள்ள குறிகளை ஹரப்பாவில் கிடைத்த ஒரு வில்லையின் குறிகளோடு ஒப்பிட்டு ஐராவதம் மகாதேவன் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இத்தனை ஆராய்ச்சிக்கும் அடிப்படை என்ன? இந்தத் தட்டு சூலூரில் கிடைத்தது என்று யாரோ ஒருவர் எழுதி வைத்த குறிப்புதான். தட்டு பத்திரமாக இருந்து அந்தக் குறிப்பு மட்டும் தொலைந்து போயிருந்தால், அது எந்த ஊர் என்று தெரியாத ஒரு மண் தட்டு. அவ்வளவுதான்.

நூலகத்தின் கதையும் இதேதான். புத்தகம் அலமாரியில் இருக்கும். புத்தகத்தைப் பற்றிய விவரம் வேறெங்கோ இருக்கும், அட்டையிலோ நோட்டிலோ கணினியிலோ. இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஓர் எண். அந்தக் கயிறு அறுந்தால் புத்தகம் நூலகத்துக்குள்ளேயே தொலைந்து போகும். கயிற்றை மறுபடி கட்டுவதற்கு இப்போது நூலகர்கள் கணினியில் சின்னச் சின்ன நிரல்கள் எழுதுகிறார்கள் (ஸ்கிரிப்ட் என்பார்கள்). அந்த நிரல்களுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. அதில் பெரும் பங்கு தமிழ்நாட்டில் நடந்தது, ஒரு முக்கியமான அத்தியாயம் கோவைக்காரர் ஒருவருடையது.

தலைப்பு வேறு, பிரதி வேறு

ஒரு நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் நான்கு பிரதிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் கல்கி, பதிப்பகம் இன்னது, பக்கம் இத்தனை என்பதெல்லாம் நான்குக்கும் பொது. இது தலைப்புப் பதிவு. ஆனால் ஒன்றில் அட்டை கிழிந்திருக்கிறது, ஒன்று யாரோ வாங்கிப் போய்த் திரும்பவில்லை, ஒன்று நன்கொடையாக வந்தது. இவை ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனி. இது பிரதிப் பதிவு. புத்தகம் வந்த அன்றே அதன் மேல் முத்திரை குத்தி, ஒரு பெரிய பேரேட்டில் வரிசையாக எண் போட்டு எழுதுவார்கள். நூலகர்கள் வாயில் இதற்குப் பெயர் அக்ஸஷன் நம்பர், தமிழில் சேர்க்கை எண். ஒரே தலைப்பில் நான்கு பிரதி வந்தால் நான்கு எண். ஒரே எண் இரண்டு பிரதிக்கு வரவே கூடாது.

கேட்டால் இதென்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டையும் ஒரே பதிவாக வைப்பதா, தனித்தனியாக வைப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறது.

அச்சான தமிழ்ப் புத்தகங்களுக்கு வந்த முதல் பெரிய பட்டியல்களில் ஒன்று ஜான் மர்டாக் 1865ல் வெளியிட்டது. அவர் ஸ்காட்லாந்துக்காரர், கிறித்தவ நூல் வெளியீட்டில் வாழ்க்கையைச் செலவிட்டவர். தமிழில் என்னென்ன அச்சாகியிருக்கிறது என்று பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். மகத்தான வேலை. ஆனால் இந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது, ஏனென்றால் அது தலைப்புகளின் பட்டியல், ஒரு நூலகத்தின் இருப்புப் பட்டியல் அல்ல. 1909ல் பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடம் இருந்த தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் அச்சிட்டது. தொகுத்தவர்கள் பார்னெட்டும், திருவாசகத்தை மொழிபெயர்த்த ஜி.யு.போப்பும். இதில் ஒவ்வொரு பதிவோடும் அலமாரிக் குறியீடும் உண்டு. அதாவது தலைப்பும் பிரதியும் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன. அச்சடித்த மறுநாளே பழசாகிவிடுவதுதான் இந்த மாதிரிப் பட்டியல்களின் பிரச்சினை! புதிதாக ஒரு புத்தகம் வந்தால் எங்கே நுழைப்பது?

கணக்கு வாத்தியார் நூலகரான கதை

அட்டைகள் அந்தப் பிரச்சினையைத் தீர்த்தன. தமிழ்நாட்டில் அதைச் சாத்திரமாகவே ஆக்கியவர் சீர்காழியில் 1892ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். வந்த புதிதில் அவருக்கு வேலை பிடிக்கவே இல்லை, பழையபடி கல்லூரிக்கே போய்விடலாம் என்று நினைத்தார் என்பார்கள். அதே வருடம் நூலகப் பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஓட்டை போட்ட தகரப் பட்டைகளையும் திருகாணிகளையும் வைத்து எந்த உருவத்தையும் செய்யலாம். பாடப் பிரிவுகளையும் இப்படித் துண்டு துண்டாக வைத்துப் பூட்டலாமே என்று தோன்றியதாம். அதுவே 1933ல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. நூலக விதிகள் ஐந்தையும் வகுத்த புத்தகம் 1931ல். பட்டியல் தயாரிக்கும் விதிகள் 1934ல்.

வெளியே அதிகம் பேசப்படுவது ஐந்து விதிகள்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியம் 1934 புத்தகம். ரங்கநாதனின் முறைப்படி தயாரித்த முதன்மை அட்டையின் கடைசிப் பகுதியில் சேர்க்கை எண் எழுதப்பட வேண்டும். இதே புத்தகத்துக்கு வேறு எந்தெந்த அட்டைகள் போடப்பட்டிருக்கின்றன என்ற குறிப்பு அட்டையின் பின்பக்கம். அவருடைய புத்தக எண் முறையில் பிரதி எண்ணுக்கே தனியாக ஓர் இடம் உண்டு, அரைப்புள்ளி போட்டு அதன் பின் எழுத வேண்டும். ஒரு சாதாரண அரைப்புள்ளிதான், தலைப்பு இதுவரை, பிரதி இங்கிருந்து என்று கோடு கிழிக்கிறது. இது போக, அலமாரியில் புத்தகங்கள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில் தனியாக ஒரு கட்டு அட்டை. வருடாந்திர இருப்புச் சரிபார்ப்புக்கு அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போனால் போதும், எது இல்லை என்று தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு சுவாரசியம். ஒரு நூலுக்குள் இருக்கும் கருத்தை ஆன்மாவாகவும், அதைச் சொல்லும் மொழியை சூக்கும சரீரமாகவும், காகிதத்தால் ஆன புத்தகத்தை ஸ்தூல சரீரமாகவும் ரங்கநாதன் விளக்கினார். சைவ வைணவ சாத்திரச் சொற்களில் நூலகப் பட்டியல்! படிக்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் 1998ல் உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை படைப்பு, வெளிப்பாடு, பதிப்பு, பிரதி என்று நான்கு அடுக்காகப் பிரித்தபோது அந்தப் பிரிவினையின் வேரில் கிட்டத்தட்ட இதே யோசனைதான் இருந்தது.

அட்டைக் காலத்தில் தலைப்பையும் பிரதியையும் இணைத்தது பேனா. இரண்டாவது பிரதி வந்தால் நூலகர் பழைய அட்டையை உருவி, ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதி, மறுபடி செருகி வைப்பார். அந்தக் கண்தான் முக்கியம். அட்டையில் மூன்றாம் பதிப்பு என்றும் கையில் இருக்கும் புத்தகத்தில் நான்காம் பதிப்பு என்றும் இருந்தால் அவருக்கே உறுத்தும், புது அட்டை போடுவார். கணினிக்கு உறுத்தாது.

கோவையின் பங்கு

1931ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். நூலக இயக்கம் அப்போது அந்த அளவுக்கு ஆர்வமாக இருந்தது. ஆனால் ஆர்வத்தை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை வருடம் வண்டி ஓட்ட முடியும்? பணத்துக்குச் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் 1930லிருந்தே மாதிரிச் சட்டங்களை எழுதிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். திறந்த கதவு தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாருடையது.

திருப்பூரில் 1903ல் பிறந்தவர் அவினாசிலிங்கம். பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண வித்யாலயத்தை 1930ல் தொடங்கியவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் அவரே மூலகாரணம் (அதன் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரனும் கொங்கு நாட்டுக்காரர்தான்). அவர் அமைச்சராக இருந்தபோதுதான் 1948ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் மாகாண சட்டமன்றம் ஒன்று முழுமையான பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது அதுவே முதல் தடவை. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு. அதற்குக் கீழே கிளை நூலகங்கள். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று அலுத்துக்கொள்பவர்கள் அதற்குக் காரணமானவர் நம்ம ஊர்க்காரர் என்பதைத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தச் சட்டம் தலைப்பு, பிரதி என்ற விவகாரத்தையே வேறு அளவுக்குக் கொண்டு போனது. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தலைப்புக்கு இரண்டு மூன்று பிரதி இருக்கும். பொது நூலகத் துறையில் ஒரு தலைப்பை மொத்தமாக வாங்கி மாநிலம் முழுக்கக் கிளைகளுக்கு அனுப்புவார்கள். தமிழ்ப் பதிப்பாளர்கள் நூலக ஆணைக்குக் காத்திருப்பது இதற்காகத்தான். ஒரே தலைப்பு, நூற்றுக்கணக்கான பிரதி. ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் ஒன்று, சூலூரில் ஒன்று, அன்னூரில் ஒன்று. இந்த எண்ணிக்கை பின்னால் கணினியை எப்படித் திணறடித்தது என்பது கொஞ்சம் கழித்து வரும்.

நாடாவில் ஏறிய அட்டை

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் வேலை பார்த்த ஹென்ரியெட் அவ்ரம் என்ற நிரலர் அட்டையில் இருப்பதைக் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுத ஒரு வடிவம் உருவாக்கினார். பெயர் மார்க். 1966ல் 16 நூலகங்களோடு சோதனை, 1969லிருந்து காந்த நாடாவில் விநியோகம். அவ்ரம் நூலகப் படிப்பு படித்தவர் அல்ல. அவர் செய்ததோ உலகத்தில் இருக்கும் அத்தனை நூலகர்களின் வேலையையும் மாற்றியது.

மார்க் பதிவில் எல்லாமே மூன்று இலக்க எண்கள்தான். ஆசிரியர் 100, தலைப்பு 245, ஐ.எஸ்.பி.என். 020. ஒரு பதிவின் முதல் 24 எழுத்துகள் தலைப்பாகை மாதிரி. அதற்குப் பின் ஓர் உள்ளடக்க அட்டவணை. எந்தப் புலம் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு நீளம் என்று அதில் இருக்கும். நீளம் எழுத ஒதுக்கிய இடம் குறிப்பிட்ட இலக்கங்கள்தான், முழுப் பதிவுக்கு ஐந்து இலக்கம். ஆகவே ஒரு பதிவு 99,999 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. 1960களின் நாடாவுக்கு அது தாராளம்.

மார்க் தலைப்புக்காகப் பிறந்த வடிவம். பிரதி விவரங்களுக்காகத் தனி வடிவம் 1984ல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு நூலகமும், ஒவ்வொரு மென்பொருள் கம்பெனியும் தங்களுக்குத் தோன்றிய புலத்தில் பிரதி விவரத்தைச் செருகின. இன்றைக்கும் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் தலைவலி இதுதான்.

இந்தியாவில் கணினி நூலகத்துக்குள் பரவலாக நுழைந்தது யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சி.டி.எஸ். ஐசிஸ் என்ற மென்பொருள் வழியாக. சாதாரண பி.சி.யில் ஓடும் வடிவம் 1985ல் வந்தது. மத்திய அரசின் நிசாட் திட்டம் அதை நாடு முழுக்க விநியோகித்துப் பயிற்சியும் கொடுத்தது. பிறகு அதன் விண்டோஸ் வடிவம். எண்ணற்ற கல்லூரி நூலகங்கள் இப்படித்தான் கணினிமயமாயின. ஆனால் பல இடங்களில் தரவு எப்படி ஏறியது தெரியுமா? சேர்க்கைப் பேரேட்டை எதிரில் வைத்துக்கொண்டு, வரிக்கு ஒரு பதிவாகத் தட்டச்சு செய்தார்கள். பேரேட்டில் வரி என்றால் ஒரு பிரதி. ஆக பன்னிரண்டு பிரதி உள்ள பாடப்புத்தகம் கணினியில் பன்னிரண்டு தனிப் புத்தகமாக உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டிலும் பன்னிரண்டு விதமான எழுத்துப்பிழை!

மொய் நோட்டுப் பிரச்சினை

2000 ஜனவரியில் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற ஊர் நூலகம் ஒரு புது மென்பொருளை ஓட்ட ஆரம்பித்தது. ஒய்2கே பயத்தில் பழைய மென்பொருளைக் கைவிட வேண்டிய கட்டாயம், கட்டிபோ என்ற சின்னக் கம்பெனியை வைத்துப் பெர்ல் மொழியில் எழுதி வாங்கினார்கள். எழுதியதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதுதான் கோஹா. மாவோரி மொழியில் பரிசு என்று பொருள். பிற்பாடு இந்தியக் கல்லூரிகள் நிறைய கோஹாவுக்கு மாறின. ஐசிஸிலும் எக்ஸெல்லிலும் கிடந்த தரவை கோஹாவுக்குக் கொண்டு போக வேண்டும் என்றால் தலைப்பு ஒரு பதிவு, அதன் வயிற்றுக்குள் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு 952 புலம் என்று கட்ட வேண்டும். எந்தக் கிளை, அலமாரிக் குறியீடு, பார்கோடு, விலை எல்லாம் அந்த 952க்குள் துணைப் புலங்களாக இருக்கும்.

தலைப்புக் கோப்பிலும் பிரதிக் கோப்பிலும் ஒரே பொது எண் இருந்துவிட்டால் வேலை சுலபம். நிரல் முதலில் பிரதிக் கோப்பு முழுவதையும் படித்து, பொது எண் வாரியாக அடுக்கி வைத்துக்கொள்ளும். பிறகு தலைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு உரிய பிரதிகளை 952 ஆக ஒட்டி, புதுக் கோப்பில் எழுதும். முப்பது நாற்பது வரி பெர்ல் போதும்.

பொது எண் இல்லாவிட்டால்தான் கதை. கொங்கு நாட்டுக் கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் புரட்டியவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு நோட்டில் "சூலூர் பழனிச்சாமி" என்று இருக்கும். இன்னொன்றில் "ப.பழனிசாமி, கலங்கல் ரோடு". மூன்றாவதில் "பழனிசாமிக் கவுண்டர்". மூன்றும் ஒரே ஆளா, மூன்று ஆளா? தவறாகச் சேர்த்தால் ஒருவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் விட்டுப்போகும். சேர்க்காமல் விட்டால் ஒரே ஆளுக்கு மூன்று பத்திரிகை போகும். வீட்டில் ஒரு பெரியவர் இருந்து "இது நம்ம சின்னையன் மவன்" என்று சொன்னால்தான் தீரும்.

நூலகத்திலும் அதேதான். மு.வ., மு.வரதராசன், டாக்டர் மு.வரதராசனார் எல்லாம் ஒருவரே. கல்கியும் ரா.கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். புதுமைப்பித்தனும் சொ.விருத்தாசலமும் ஒருவர். மாறாக, 'தமிழ் இலக்கிய வரலாறு' என்ற பெயரில் பலர் தனித்தனிப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்த்தால் எல்லாம் ஒரே புத்தகமாகிவிடும். ஐ.எஸ்.பி.என். இருந்தால் சேர்ப்பது எளிது, ஆனால் பழைய தமிழ்ப் புத்தகங்களில் அது கிடையாது.

அதற்கு மேல் எழுத்துப் பிரச்சினை. 1990களின் பிற்பகுதியில் தமிழைக் கணினியில் ஏற்ற தஸ்கி, டாம், டாப் என்று பல குறியேற்றங்கள் இருந்தன. அதில் தட்டச்சு செய்த தரவை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் தீராது. "பொ" என்பதில் இருக்கும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், தனித்தனி இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. இதையாவது யூனிகோடின் சமன்படுத்தும் முறை சரிசெய்துவிடும். "ஔவையார்" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருந்தால் எந்த முறையும் கண்டுபிடிக்காது. "ஸ்ரீ" எழுதவும் இரண்டு வழி, ஏனென்றால் ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005ல் புதிதாகச் சேர்ந்தது. "பொன்னியின்செல்வன்" என்று இடைவெளி இல்லாமல் அடித்தவர்கள் கணக்கு தனி.

ஆகவே நிரல் எழுதுபவர்கள் ஒப்பீட்டுக்கென்று ஒரு சாவி தயாரிக்கிறார்கள். இடைவெளி, புள்ளி, டாக்டர், திரு எல்லாம் நீக்கி, எழுத்துகளைச் சமன்படுத்தி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு நான்கையும் கோர்த்த ஒரு சரம். சரம் ஒத்துப்போனால் ஒரே தலைப்பு. சாவியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆண்டை விட்டுவிட்டால் என்ன ஆகும்? உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சீவக சிந்தாமணி முதலில் அச்சானது 1887ல். பிறகு அவரே திருத்திப் பல பதிப்புகள் வந்தன. ஒரு பழைய நூலகத்தில் 1887 பதிப்பு ஒன்றும் பிந்தைய பதிப்பு மூன்றும் இருந்து, நிரல் நான்கையும் ஒரே தலைப்பின் நான்கு பிரதிகளாகச் சேர்த்துவிட்டால், முதல் பதிப்பு இருக்கிறது என்பதே திரையில் தெரியாது. இடநெருக்கடி வரும்போது நான்கு பிரதி எதற்கு, பழசாய் இருப்பதைக் கழித்துவிடலாம் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால் போயிற்று. பதிப்பகத்தை விட்டால் இன்னொரு ஆபத்து. கல்கி எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களிலிருந்து வந்தது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் எல்லாப் பதிப்பிலும் கிடையாது. படத்துக்காகவே தேடி வருபவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது?

சேர்க்காமல் விடுவது சேர்த்துக் கெடுப்பதைவிடப் பாதுகாப்பானது. இரட்டைப் பதிவு வாசகரைச் சலிக்க வைக்கும், அதோடு சரி. தவறான சேர்க்கை ஒரு புத்தகத்தை மறைத்துவிடும், மறைந்தது தெரியவும் தெரியாது. உலகளாவிய கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டை நடத்தும் ஓ.சி.எல்.சி. 1991 முதல் 2005 வரை இரட்டைப் பதிவுகளைத் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்கும் ஒரு மென்பொருளை ஓட்டியது. 16 லட்சம் பதிவுகள் அளவுக்குச் சேர்த்தது. பெரும்பாலும் சரியாகவே. ஆனால் சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்பதே அதிலும் விதி.

இதற்கு எதிர்மாறான வழியும் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் சுமார் ஒரு லட்சம் இருக்கும். அவர் 1992ல் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. தொகுப்பு தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாகி, 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. அங்கே பழைய பட்டியலை நம்பாமல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, சர்வதேச முறைப்படி பதிவு செய்தார்கள். நிரலால் முடியாத வேலை அது. அதற்கு வருடக்கணக்கும் பணமும் வேண்டும், மாவட்டக் கிளை நூலகத்துக்கு இரண்டும் கிடையாது.

பைட் கணக்கு

நூலக ஆணையில் வந்த நூற்றுக்கணக்கான பிரதிகள் இப்போது திரும்ப வருகின்றன. "பொன்னியின் செல்வன்" தமிழ்க் கணக்கில் ஒன்பது எழுத்து. யூனிகோடில் இடைவெளியோடு 18 குறி. யூ.டி.எஃப்.8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ஆக மொத்தம் 52 பைட். மார்க் பதிவின் உள்ளடக்க அட்டவணை கேட்பது 52ஐ. ஆங்கிலத் தரவில் எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கை என்பதால், எழுத்தை எண்ணும் நிரல்கள் பல வருடம் பிரச்சினையில்லாமல் ஓடின. அதே நிரல் தமிழில் 18 என்று எழுதும், அதற்குப் பின் வரும் புலம் ஒவ்வொன்றும் தவறான இடத்திலிருந்து வாசிக்கப்படும். ஆசிரியர் பெயரின் பாதியில் விலை ஆரம்பிக்கும்!

நீளத்துக்கும் எல்லை இருக்கிறதே. ஒரு பிரதிக்கு 952 புலம் 200 பைட் என்று வைத்தால் ஐந்நூறாவது பிரதியிலேயே ஒரு லட்சம் பைட் வந்துவிடும். 99,999 தாண்டிய பதிவை ஐந்து இலக்கத்தில் எழுத வழியில்லை. ஒரு மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் வைக்க நினைத்தால் இது கற்பனைப் பிரச்சினை அல்ல. 2002ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மார்க்கை எக்ஸ்.எம்.எல். வடிவில் எழுதும் முறையைக் கொண்டு வந்தபின் அந்த எல்லை போனது.

வேறொரு சங்கடம் கோஹாவுக்குள்ளேயே இருந்தது. பிரதி விவரம் தனி அட்டவணையிலும் இருந்தது, மார்க் பதிவின் வயிற்றிலும் இருந்தது. யாராவது ஒரு புத்தகத்தை வாங்கிப் போனால் திரும்ப வேண்டிய தேதியை இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். ஐந்நூறு பிரதி உள்ள தலைப்பில் ஒரு பிரதி வெளியே போனால் ஐந்நூறு பிரதிகளின் விவரமும் சேர்ந்த அந்த முழுப் பதிவையும் திருப்பி எழுதியாக வேண்டும். ஏதாவது ஒரு இடத்தில் எழுதாமல் விட்டால், அலமாரியில் இருக்கும் புத்தகம் திரையில் வெளியே போயிருக்கும். 2011ல் வந்த 3.4 பதிப்பில் இதை நிறுத்தினார்கள். சேமித்து வைக்கும் மார்க் பதிவிலிருந்து பிரதிகள் மொத்தமாக நீக்கப்பட்டன. நீக்குவதற்கென்றே ஒரு நிரலும் கூடவே வந்தது. தேடலுக்காகவோ ஏற்றுமதிக்காகவோ தேவைப்படும்போது மட்டும், அந்த நேரத்துக்கு, தலைப்பையும் பிரதியையும் சேர்த்துக் கொடுக்கும். வேலை முடிந்ததும் பிரித்துவிடும். அட்டையின் அடியில் பேனாவால் எழுதிச் சேர்த்தது, பிறகு பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்திருக்கிறது.

கோவை காந்திபுரத்தில் ஒரு பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சென்னையில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் வரிசையில் அடுத்தது. புது நூலகங்களுக்குப் பதிவுகள் முதல் நாளிலிருந்தே கணினியில் ஏறும், பழைய பேரேட்டின் சுமை இருக்காது. சுமை கிளை நூலகங்களிலும் பழைய கல்லூரிகளிலும்தான் இருக்கிறது. அங்கே நிரல் ஓடி முடிந்ததும் அனுபவசாலியான நூலகர்கள் ஒரு காரியம் செய்வார்கள். அலமாரியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது புத்தகம் உருவி, ஒவ்வொன்றின் சேர்க்கை எண்ணையும் கணினியில் அடித்துப் பார்ப்பார்கள். கையில் இருக்கும் புத்தகமும் திரையில் வரும் பதிவும் ஒன்றாக இருக்க வேண்டும், பதிப்பு உட்பட. பிறகு திரையில் இருபது பதிவை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போய்த் தேடுவார்கள். இந்த இரண்டாவது சோதனையில்தான் வழக்கமாகக் குறை வெளிப்படும்.